ம் கொட்ட ஓர் ஆள்: மாணவர்களே நடத்தும் ரகசிய ஆதரவுச் சேவை பற்றி

"அண்ணே, இதுல சைக்காலஜி படிச்சவங்க யாருமே இல்லையா? அப்புறம் எதை நம்பி ஒருத்தன் போன் பண்ணுவான்?"

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், ஏன் என்பது போகப் போகப் புரியும். அங்கே மாணவர்கள் சிலர் சேர்ந்து, ராத்திரி நேரத்தில் சக மாணவர்கள் போன் செய்து மனதில் இருப்பதைப் பேச ஒரு சேவை ஆரம்பித்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் போய் பயிற்சியின்போது கூட இருப்பது என் வேலை. சென்னையில் படித்த காலத்தில் இதே மாதிரி ஒரு குழுவில் இரண்டு வருடம் இருந்தேன், அந்த ஒரு தகுதிதான். இந்தக் கல்லூரியில் முதல் நாள் வந்த முதல் கேள்வி மேலே இருப்பது. கேட்டவர் இரண்டாம் வருட பி.காம்.

நல்ல கேள்விதான். பதில் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது, நடுவில் டீ வேறு வந்துவிட்டது. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி சேவையைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகத்தான் இது. தெரிந்தவர்கள் நடுவில் தாண்டிப் போகலாம்.

முதலில், இது என்ன? ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கிறவர்களே ஒழுங்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, அங்கே கூடப் படிக்கிற மற்றவர்கள் பேச வந்தால் உட்கார்ந்து கேட்பது. போனில் கேட்பார்கள், சாட்டில் கேட்பார்கள், சில இடங்களில் இதற்கென்று ஓர் அறையும் இருக்கும். பேசுகிறவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. காசு கிடையாது. பேசியது வெளியே போகாது. கேட்கிறவர் அறிவுரை சொல்லமாட்டார். 'பியர் சப்போர்ட்' என்று சொல்வார்கள். பியர் என்றால் நம்மை மாதிரியே ஒருத்தர். நமக்கு மேலே உட்கார்ந்திருக்கிற வாத்தியாரோ டாக்டரோ வார்டனோ இல்லை. அரியர் வைத்தவரிடம் அரியர் வைத்த இன்னொருவர் பேசுகிற மாதிரி.

இதைக் கவுன்சிலிங் என்று சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது வழக்கம். ஒன்று, கவுன்சிலிங் என்பது அதற்கென்று படித்தவர்கள் செய்கிற வேலை. இன்னொன்று, நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் கட்-ஆஃப் மார்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு இன்ஜினியரிங் சீட்டுக்கு அலைவதுதான். அந்தக் கல்லூரியில் போஸ்டரில் அந்த வார்த்தையைப் போட்டதும் ஒரு பையன் வந்து "அடுத்த ரவுண்டு எப்போ?" என்று கேட்டானாம்.

படித்தவர் இல்லாமல் எதை நம்பிப் பேசுவது என்ற கேள்விக்கு நான் எப்போதும் சொல்கிற கதை லண்டன் கதை. சாட் வரா என்று ஒரு பாதிரியார். அவர் புதிதாகப் பொறுப்பேற்ற 1935 வாக்கில் ஒரு சிறுமியின் அடக்கத்தை நடத்திவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வந்திருக்கிறது, அது என்னவென்று சொல்ல யாரும் இல்லை, ஏதோ அசிங்கமான நோய் வந்துவிட்டதென்று நினைத்து உயிரை விட்டிருக்கிறாள். அது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. 1953 நவம்பரில் தன் தேவாலயத்தில் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு, தற்கொலை எண்ணம் இருப்பவர்கள் என்னிடம் பேசலாம் என்று அறிவித்தார். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், கூட்டம் சேர்ந்தது. காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக் கூட உட்கார்ந்திருக்கச் சில சாதாரண ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் வரா ஒன்றைக் கவனித்தார்: வெளியே டீ குடித்துக்கொண்டே அவர்களிடம் பேசியவர்களில் நிறையப் பேர் இவரைப் பார்க்கத் தேவையில்லாமலே கிளம்பிப் போய்விடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த 'பெரியவர்' வேலையை வெளியே டீ கொடுத்தவர்கள் முடித்துவிட்டார்கள். 1954 பிப்ரவரியில் போனையே அந்தத் தன்னார்வலர்கள் கையில் கொடுத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு.

அந்த வழியில் மாணவர்களுக்கென்று வந்தது நைட்லைன். 1970-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முதல் நைட்லைன் தொடங்கியது, பிறகு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. மாணவர்கள் மாணவர்களுக்காக, பாடம் நடக்கிற பருவங்களில், ராத்திரியில் நடத்துவது. ஏன் ராத்திரி என்றால், பகலில் வகுப்பு, கேன்டீன், நண்பர்கள் என்று எப்படியோ ஓடிவிடும், ஆபீசும் டாக்டரும் திறந்திருக்கும். எல்லாம் சாத்திய பிறகுதான் மனசு திறக்கும். அங்கே சில இடங்களில் இன்னொரு வழக்கம் உண்டு: தான் நைட்லைனில் இருக்கிறேன் என்பதைத் தன்னார்வலர் படித்து முடிக்கும் வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது. கூட இருக்கும் ரூம்மேட்டுக்கே தெரியாது. இது கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும், எங்கள் பக்கத்துக்கு வந்தபோதுதான் இதன் அருமை எனக்குப் புரிந்தது.

இங்கேயும் இது ஒன்றும் அன்னியமில்லை. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ஸ்நேகா, தன்னார்வலர்களே பேசிக் கேட்கிற இடம்தான். தமிழக அரசு 2022 டிசம்பரில் 'மனம்' என்று, விரித்துச் சொன்னால் மனநல நல்லாதரவு மன்றம் என்று, கல்லூரி மாணவர்களையே இதில் ஈடுபடுத்துகிற ஒரு திட்டத்தை மருத்துவக் கல்லூரிகளில் ஆரம்பித்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக ஆலோசகர் வருவார். அவர் அறை வாசலில் போய் நிற்க ஒரு பிள்ளைக்குத் துணிச்சல் எங்கிருந்து வரும், அதுதான் என் கேள்வி.

ஏனென்றால் எங்கள் பக்கம் பேச ஆள் இல்லாமல் யாரும் தவிப்பதில்லை. ஆள் நிறைய. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், அந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். கண்டக்டர் ஒரு முறையில் மாமா. கல்லூரி ஆபீசில் இருப்பவர் அப்பாவோடு படித்தவர். எனக்கே நடந்தது: முதல் வருடம் இந்தப் பக்கம் ஒரு கல்லூரியில்தான் சேர்ந்தேன், ஒட்டவில்லை, தூக்கம் போய்விட்டது. ஒரு ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசினேன். நல்ல மனுஷர், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் பேசிவிட்டுச் சனிக்கிழமை ஊர் போய் இறங்கினால், வாசலிலேயே அம்மா "ஏன்டா, உனக்கு என்னமோ ஆகிருச்சாமே?" என்று அழுகிறார். அவர் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் எங்கள் சித்தப்பாவிடம். அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் யாரிடமும் எதுவும் பேசவில்லை. வம்பு பேசுகிறவனிடம் நாமே ஜாக்கிரதையாக இருந்துகொள்வோம், அக்கறையில் சொல்லிவிடுகிறவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

அதனால் ரகசியம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஒருத்தர் கையடித்துக் கொடுப்பது ரகசியம் இல்லை. அது அந்த ஆளின் குணத்தை நம்பி இருப்பது. ஒரு சேவை தரும் ரகசியம் ஏற்பாட்டை நம்பி இருக்க வேண்டும்: சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாதபடி, யார் பேசினார்கள் என்றே தெரியாதபடி.

இந்த இடத்தில் எங்களுக்கு வந்த முதல் எதிரி ட்ரூகாலர். நைட்லைன் ஆரம்பித்த காலத்து டெலிபோனில் கூப்பிடுகிறவர் யார் என்று எடுப்பவருக்குத் தெரியாது. இன்றைக்கு நம் மொபைலில் நம்பர் வருகிறது, நம்பரோடு பெயர் வருகிறது, சில நேரம் "கறிக்கடை பாய் மகன்" என்று எவனோ சேமித்து வைத்ததெல்லாம் சேர்ந்து வருகிறது. வாட்ஸ்அப் என்றால் முகமே வருகிறது. எனவே இரண்டு வழி இருக்கிறது. பேசுகிறவரின் நம்பர் தெரியாதபடி இணைத்துவிடும் அழைப்புச் சேவையை வாங்கலாம், அதற்குக் காசு வேண்டும். இல்லையென்றால் பொதுவாக ஒரே ஒரு போன், அதில் எந்த ஆப்பும் எந்தத் தொடர்பு எண்ணும் இல்லை, பட்டன் போன் ஆனால் இன்னும் நல்லது, ஒவ்வொரு இரவும் முடிந்ததும் அழைப்புப் பட்டியலை அழித்துவிடுவது. இவர்கள் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறார்கள். முழுப் பாதுகாப்பு இல்லை என்பது தெரியும். அதனால் போனை எடுத்ததும் "உங்க நம்பர் எங்களுக்குத் தெரியும், பேசி முடிச்சதும் அழிச்சிருவோம்" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். மறைப்பதைவிட இது மேல்.

அடுத்த எதிரி குரல். கீழக்கரைப் பிள்ளை வாயைத் திறந்து "உம்மா" "லாத்தா" என்று ஆரம்பித்தாலே ஊர் தெரிந்துவிடும். ராமேஸ்வரம் தீவுக்காரன் பேச்சு வேறு, முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பேச்சு வேறு, மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்த பிள்ளைகளின் பேச்சில் யாழ்ப்பாணமோ மன்னாரோ எட்டிப் பார்க்கும். குரலைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? தெரியாத மாதிரி நடிக்கக் கூடாது. "உங்க குரல் எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு. என்கிட்டயே பேசலாம், இல்ல வேற ஆள்கிட்ட கொடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட வேண்டும், முடிவு அவர்கள் கையில். மறுநாள் கேன்டீனில் அவரைப் பார்த்தால் நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி பரோட்டாவைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். அனுதாபமாக ஒரு பார்வை பார்த்தால்கூட ரகசியம் உடைந்த மாதிரிதான்.

இதைவிடக் கஷ்டமான ஒன்று உண்டு, அது நம் மொழியிலேயே இருக்கிறது. நம் ஆட்கள் புதிதாக ஒருத்தரிடம் பேசினால் முதல் கேள்வி என்ன? "எந்த ஊரு?" ஊரைச் சொன்னதும் "அங்க யாரு வீடு?" அன்பாகத்தான் கேட்கிறோம், ஆனால் அந்த இரண்டு கேள்வியில் சாதி, மதம், வசதி எல்லாம் வந்து விழுந்துவிடும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பயிற்சியில் இதை நிறுத்தத்தான் அதிக நேரம் ஆனது. ஒரு பெண், எதற்கும் சளைக்காத ஆள், ஒத்திகையில் நான்கு முறை "எந்த ஊருங்க" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உறவுமுறையும் அப்படித்தான். தம்பி என்று கூப்பிட்ட நிமிஷமே நான் அண்ணன் ஆகிவிடுகிறேன். அண்ணன் என்றால் புத்தி சொல்லும் உரிமை தானாக வந்துவிடும். "தம்பி, அண்ணன் சொல்றேன் கேளு" என்று வாய் தானாகப் போகும். ஆகவே யாராக இருந்தாலும் 'நீங்க', முறை வைத்துக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். கொஞ்சம் பேங்க் ஆபீசர் மாதிரி ஒலிக்கிறது, உண்மைதான். போன் செய்கிறவர் "அண்ணே" என்று கூப்பிட்டால் அது அவர் இஷ்டம்.

சரி, கேட்பது என்றால் என்ன செய்வது? காதைக் கொடுத்தால் போதாதா? இதற்கு உதாரணம் சொல்ல வேண்டும். கீழே வருவது நான் கற்பனையாக எழுதியது, நிஜமாக வந்த அழைப்பு ஒன்றைக்கூட எடுத்துப் போடமாட்டேன், போட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

ஒருத்தர் போன் செய்கிறார். "அப்பாவ கடல்ல இலங்கை நேவி புடிச்சிட்டுப் போயி, ரெண்டு மாசம் கழிச்சு விட்டாங்க. ஆள் வந்துட்டாரு, போட்டு வரல. வீட்ல யாரும் யாரோடயும் பேசிக்கிறதில்ல. பீஸ் கட்டணும்னு சொல்ல வாய் வரல. காலேஜ நிப்பாட்டிட்டு எங்கயாச்சும் வேலைக்குப் போயிரலாமான்னு இருக்கு."

நாம் என்ன சொல்வோம்? "அய்யோ, படிப்ப மட்டும் விட்றாதீங்க, ஸ்காலர்ஷிப் இருக்கு, விசாரிச்சீங்களா?" நல்ல தகவல்தான், ஆனால் அவர் சொன்ன நான்கு விஷயத்தில் கடைசி ஒன்றை மட்டும் பிடித்துத் தீர்வு கொடுத்துவிட்டோம். அவர் "சரிங்க, பாக்குறேன்" என்று வைத்துவிடுவார். இன்னொரு விதம்: "எல்லாம் சரியாயிரும், கவலைப்படாதீங்க." எப்படிச் சரியாகும்? நம்மிடம் படகு இருக்கிறதா?

பயிற்சி எடுத்தவர் என்ன செய்வார் என்றால், "வீட்ல யாருமே பேசிக்கிறதில்லயா..." என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அவ்வளவுதான். அந்த இடைவெளியில் அவர் பேசுவார். அப்பா ராத்திரியில் எழுந்து போய்க் கரையில் உட்கார்ந்திருப்பதைச் சொல்வார். தான் அவர் பின்னாலேயே போய் மறைந்து நின்று பார்ப்பதைச் சொல்வார். பீஸ் பேச்சு அதற்கப்புறம் வரலாம், வராமலே போகலாம்.

நம் பாட்டிமார் கதை சொல்லும்போது ம் கொட்டச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? ம் நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும், "தூங்கிட்டியா?" என்று கேட்பார்கள். கதையைச் சொல்வது பாட்டி, ஓட்டுவது ம். இந்தச் சேவையில் கேட்கிறவர் வேலை அதுதான். ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு, எனக்கு ம் கொட்டுவது போதும்.

'ஏன்' என்ற கேள்வியைத் தவிர்க்கச் சொல்வார்கள். "ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்றால் நம் காதில் அது வாத்தியார் கேட்பது. "அப்போ என்ன நடந்துச்சு?" "அது எப்படி இருந்துச்சு?" என்று கேட்கலாம். அப்புறம் மௌனம். பத்து வினாடி மௌனம் போனில் பத்து நிமிஷம் மாதிரி இருக்கும், அதைத் தாங்கப் பழக வேண்டும். இங்கே கூடுதலாக ஒரு தொல்லை: வீட்டில் தனி அறை எத்தனை பேருக்கு இருக்கிறது? போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கோ கடற்கரைக்கோ போய்த்தான் பேசுவார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் போனில் பாதி காற்று இரைச்சல்தான் வரும், மௌனமா, அழுகையா, காற்றா என்று தெரியாது.

அறிவுரை கூடாது என்றால் அது எந்தப் பக்கத்து அறிவுரைக்கும் பொருந்தும். ஒரு பெண் சொல்கிறார்: வாப்பா சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில் இருக்கிறார்கள், அடுத்த மாதம் வருகிறார்கள், வந்ததும் நிக்காஹ், பிஜி சேர விடமாட்டார்கள். கேட்கிற பெண்ணுக்கு ரத்தம் கொதிக்கும், "நீங்க விட்டுக் கொடுக்காதீங்க" என்று சொல்லத் தோன்றும். வேறொருவருக்கு "பெத்தவங்க நல்லதுக்குத்தான் செய்வாங்க" என்று சொல்லத் தோன்றும். இரண்டும் ஒன்றுதான்: அந்தப் பெண் இன்னும் பேசி முடிக்கவில்லை, அதற்குள் நாம் முடிவு செய்துவிட்டோம். அந்த வீட்டில் நாளைக்குக் காலையில் எழுந்திருக்கப் போவது நாமில்லை. தகவல் கேட்டால் தகவல் கொடுக்கலாம், அது வேறு. ராகிங் என்றால் தேசிய உதவி எண் 1800-180-5522 இருக்கிறது, பாலியல் தொந்தரவு என்றால் கல்லூரியில் உள்புகார்க் குழு இருக்கிறது, உதவித்தொகை விவரம் யாரிடம் கிடைக்கும் என்பதெல்லாம் ஒரு கோப்பில் எழுதி மேசையில் வைத்திருப்பார்கள். கேட்டால் எடுத்துச் சொல்வார்கள். கேட்காமல் திணிக்கமாட்டார்கள்.

இப்போது எல்லோரும் பயப்படுகிற இடம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒருத்தர் சொன்னால்? அல்லது சொல்லாமல் சொன்னால்? "இனிமே யாருக்கும் தொந்தரவு இல்ல" என்கிற மாதிரி.

நேராகக் கேட்க வேண்டும். "உயிரை விட்றலாம்னு தோணுதா?" என்று, முழுங்காமல். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடாதா என்ற பயம் எல்லாப் பயிற்சியிலும் வரும். ஆகாது, இது பல ஆய்வுகளில் பார்க்கப்பட்ட விஷயம். வெளிப்படையாகக் கேட்பது எண்ணத்தைத் தூண்டுவதில்லை, பெரும்பாலும் பேசுகிறவருக்கு ஒரு நிம்மதிதான் வருகிறது: இதை வாய்விட்டுச் சொல்லலாம் போலிருக்கிறதே என்று. கேட்ட பிறகு பதறாமல் கூட இருப்பதுதான் பயிற்சி.

ரகசியத்துக்கு எல்லை இருக்கிறதா என்றால், இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது என்பதில் உலகமெங்கும் சேவைக்குச் சேவை கொள்கை வித்தியாசப்படும். பேசுகிறவர் சம்மதித்தால் மட்டும் ஆம்புலன்ஸ் கூப்பிடுகிற இடங்களும் உண்டு, உடனே கூப்பிட்டுவிடுகிற இடங்களும் உண்டு. இவர்கள் வைத்திருப்பது இரண்டாவது: உடனடி ஆபத்து என்றால் ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டு 108-க்குச் சொல்வோம், அதை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். எனக்கு இது சரி என்று படுகிறது, 19 வயதுத் தன்னார்வலர் ஒருவர் அதற்குமேல் சுமக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

இன்னொரு எல்லை சட்டம் போட்டது. முதல் வருடத்தில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது, தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. மாணவர் சேவைக்கு விதிவிலக்கு கிடையாது. இதை ஒளித்துவைத்துவிட்டு "எல்லாமே ரகசியம்" என்று போஸ்டர் ஒட்டுவது ஏமாற்று.

மறுபக்கம் சட்டத்தைப் பற்றி வீண் பயமும் நிறைய. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ், ஜெயில் என்று இன்னும் ஊரில் பேசுகிறார்கள், அந்தப் பயத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கிய வீடுகள் உண்டு. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபித்தால் ஒழியத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும் இல்லை.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் மனசைப் பற்றி எழுத முடியாது. தர்காவில் ஆறுதல் தேடி எல்லா மதத்தாரும் வருகிற ஊர் அது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். பிறகு அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள், நீதிமன்றம் தலையிட்டது. இன்றைக்குக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். இருந்தும் வகுப்பில் ஒருத்தர் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் "என்னடா, ஏர்வாடிக்கு டிக்கெட் போடவா?" என்று கிண்டல் இப்போதும் ஓடுகிறது. இந்த ஒரு கிண்டல் போதும், ஆலோசகர் அறைக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். பெயர் தெரியாத ஒரு போன் அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகிற ஒற்றையடிப் பாதை.

பாதை என்றுதான் சொன்னேன். தொடர்ந்து தூக்கம் இல்லை, காதில் குரல் கேட்கிறது, சாப்பாடே இறங்கவில்லை என்றால் அதற்கு மருத்துவர்தான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாணவர் சேவை செய்யக்கூடியது, அங்கே போக முதல் அடி எடுத்துவைக்கும் வரை கூட இருப்பது.

கேட்கிறவர்களைப் பற்றியும் கொஞ்சம். எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரு ராத்திரிக்கு இரண்டு பேர், ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை, ஒருவர் பேசுவார், மற்றவர் பக்கத்தில் இருப்பார். தனியாக யாரும் போன் எடுப்பதில்லை. அழைப்பு முடிந்ததும் இருவரும் பேசிக்கொள்வார்கள், பாரமாக இருந்தால் குழுவுக்கு வழிகாட்டும் மனநல ஆலோசகரிடம் பேசலாம். 'ரகசியம் சேவைக்குள்' என்பதன் அர்த்தம் இதுதான்: தனியாக ஒருத்தர் மனதில் பூட்டி வைத்துப் புழுங்க வேண்டியதில்லை, அந்த அறைக்குள் இறக்கி வைக்கலாம், அறையைத் தாண்டக் கூடாது. நோட்டில் தேதி, எவ்வளவு நேரம், பொதுவாக என்ன விஷயம் என்று ஒரே வரி மட்டும். பெயரோ ஊரோ துறையோ எழுதுவதில்லை. கல்லூரி நிர்வாகம் கேட்டால் காட்டக்கூடியது அந்த ஒரு வரிதான். அதற்கு முதல்வரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள், அதற்கு மட்டும் ஒரு பருவம் முழுக்க நடந்தார்கள்.

யாரை எடுப்பது என்பதில் என் அனுபவம்: "எல்லாரும் என்கிட்டதான் பிரச்சினைய சொல்வாங்க, நான் தீர்த்து வைப்பேன்" என்று வருகிறவரை இரண்டு முறை யோசிக்க வேண்டும். நானே அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். முதல் மாதம் போன் எடுத்தால் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒரு நாள் "அவங்க கால் பண்ணாங்களா, நீ கால் பண்ணியா?" என்று கேட்டார்கள். பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள், ஒத்திகையில் மட்டமாகச் செய்துவிட்டு மறுபடி வருகிறவர்கள், இவர்கள்தான் நிலைக்கிறார்கள். பரீட்சை நேரத்தில் முறை விட்டுவிடலாம், தன் வீட்டில் துக்கம் என்றால் கட்டாயம் விட வேண்டும். போன் செய்தவரை வெளியே சந்திப்பது, காசு கொடுத்து உதவுவது, நம்பர் வாங்கிக்கொள்வது எதுவும் கிடையாது.

பதினொரு மணிக்கு மேல் என்ன என்று கேட்பீர்கள். 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் நாடு முழுக்க வந்தது, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. ஸ்நேகாவின் எண் 044-24640050. இவர்கள் போனை எடுக்காத நேரத்தில் கேட்கும் பதிவுக் குரலிலும் இந்த எண்களைத்தான் சொல்கிறார்கள்.

போஸ்டரை எங்கே ஒட்டுவது என்று பெரிய சண்டை நடந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் அதன் முன்னால் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள யாருக்கும் தைரியம் வராது. கடைசியில் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள், கீழே எண்ணைத் துண்டு துண்டாக வெட்டித் தொங்கவிட்டு, கிழித்துக்கொண்டு போகிற மாதிரி. போன சனிக்கிழமை போனபோது பெண்கள் பக்கம் ஒன்பது துண்டு போயிருந்தது என்றார்கள். ஆண்கள் பக்கம் இரண்டு, அதில் ஒன்றைக் கிழித்தது தான்தான் என்று அந்த பி.காம் பையன் ஒத்துக்கொண்டார். மற்றவர்கள் பார்த்தால் ஏற்கெனவே யாரோ எடுத்த மாதிரி இருக்கட்டும் என்று.